முதல் வேலை எந்த ஆஸ்பத்திரியில்? புது நர்ஸுகளுக்கு ஒரு ஒப்பீடு

படிப்பு முடிந்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பதிவு எண்ணும் கைக்கு வந்துவிட்டால், வீட்டில் ஆரம்பித்து பஸ் ஸ்டாப் வரை எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த ஆஸ்பத்திரியில சேரப் போறே?" பெரிய பெயராகச் சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்து, "எவ்வளவு தருவாங்க?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்வதற்காகவே வேலையைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். நான் வார்டு இன்சார்ஜ். புதிதாக வருகிறவர்களை வாங்கி, வேலை பழக்கி விடுவது என் பொறுப்பில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் பெயரும் சம்பளமும் மூன்றாவது, நான்காவதாகப் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது, முதல் ஆறு மாதம் உங்கள் பக்கத்தில் நிற்கப் போகிறவர் யார், நைட்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை கட்டில் என்பதை. அடுத்தது, இரண்டு வருடம் கழித்து அங்கே தரும் அனுபவச் சான்றிதழ் நீங்கள் போக நினைக்கிற இடத்தில் செல்லுபடியாகுமா என்பதை. கார்ப்பரேட், மிஷன், உள்ளூர் ஆஸ்பத்திரி, அரசு வேலை என்று நம் ஊரில் இருக்கும் நான்கு வழியையும் இந்த இரண்டை வைத்தே பார்க்கலாம்.

கட்டில் கணக்கை ஏன் முதலில் சொல்கிறேன்? இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி, பொது வார்டில், மருத்துவ மாணவர்கள் படிக்கும் போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர். லீவில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் ஆள் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இது முழுசாக நடக்கிற வார்டு அபூர்வம். ஆறேழு பேர் என்றால் புதுப் பெண்ணும் சமாளிப்பாள். நைட்டில் பன்னிரண்டு பேர், அதில் இரண்டு பேர் அன்றைக்கு ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள், ஒருவருக்கு ரத்தம் ஏறுகிறது என்று வையுங்கள். ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் நோயாளியின் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அந்த 15 நிமிடம் மீதிப் பதினோரு பேரை யார் பார்ப்பது? பக்கத்தில் ஒரு சீனியர் அக்கா இருந்தால் இதற்குப் பதில் உண்டு. இல்லையென்றால் ஒன்று ரத்தம் ஏறுகிறவரை விட்டு ஓடுவீர்கள், இல்லை மற்றவர்களை விடுவீர்கள். எதைச் செய்தாலும் கேஸ் ஷீட்டில் கையெழுத்து உங்களுடையது.

கார்ப்பரேட்

1983-இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ வந்ததிலிருந்து, பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்றாலே நம் மனதில் ஒரு வடிவம் பதிந்துவிட்டது. இன்று அந்த வகை ஆஸ்பத்திரிகள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பரவிவிட்டன. புது நர்ஸுக்கு அங்கே கிடைக்கும் பெரிய நன்மை ஒழுங்கு. சேர்ந்ததும் ஓரியண்டேஷன் வகுப்பு, மூச்சும் இதயமும் நின்றவருக்கு முதலுதவி செய்யும் பி.எல்.எஸ். பயிற்சி, கொஞ்ச நாள் ஒரு பிரிசெப்டரோடு, அதாவது கூடவே நின்று பழக்கிவிடும் சீனியரோடு, சேர்ந்து டியூட்டி. ஆஸ்பத்திரிகளின் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் இருப்பதால் மருந்து கொடுப்பது, நோயாளியின் அடையாளத்தைச் சரிபார்ப்பது, ஹேண்ட் ஓவர் கொடுப்பது எல்லாவற்றுக்கும் எழுதி வைத்த முறை இருக்கும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் மாதிரி ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஏற்றுவார்கள். முதல் வேலையிலேயே இந்தப் பழக்கம் கைவந்துவிட்டால், பிறகு எங்கே போனாலும் கூடவே வரும்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. உயிராபத்து என்று சொல்லும் கோட் ப்ளூ அறிவித்தால் சில நிமிடத்தில் டாக்டரும் ஐ.சி.யு. நர்ஸும் அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட்டோடு வந்து நிற்கிறார்கள். நீங்கள் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பூ பேக்கைப் பிடித்தபடியே அவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறீர்கள். ஒரு புது நர்ஸுக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

குறை என்னவென்றால், வேலை குறுகிவிடும். நெஞ்சு வலி வார்டில் போட்டால் இரண்டு வருடமும் நெஞ்சு வலிதான். சில இடங்களில் நரம்பில் மருந்து ஏற்றும் குழாயான கானுலா போட ஒரு தனி டீம், டிரெஸ்ஸிங்குக்கு இன்னொரு டீம். உங்கள் நேரத்தில் பாதி கம்ப்யூட்டரில் என்ட்ரி போடுவதிலும், டிஸ்சார்ஜ் பில்லுக்காக இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போன் பண்ணுவதிலும் போய்விடும். வெளியே தெரியாத இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இரண்டு மூன்று வருட அனுபவம் சேர்ந்ததும் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டிய சீனியர் என்பவர் உங்களைவிட ஒரே ஒரு வருடம் மூத்தவராக இருப்பார். அதுவும் நைட்டில். கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வார்டில் ஐந்து வருடம் தாண்டிய நர்ஸ் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

சம்பளம் ஆரம்பத்தில் பெரும்பாலும் பதினைந்தாயிரத்துக்கும் இருபத்திரண்டாயிரத்துக்கும் நடுவில் சொல்வார்கள். சொல்கிற தொகை சி.டி.சி.யா (உங்களுக்காக நிர்வாகம் செய்யும் மொத்தச் செலவு), கையில் வருவதா என்று கேட்காமல் யாரும் தலையாட்ட வேண்டாம். ஒரு மாதிரிக் கணக்கு: சி.டி.சி. 20 ஆயிரம் என்கிறார்கள். அதில் நிர்வாகம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக மொத்தச் சம்பளம் 18 ஆயிரம். அடிப்படைச் சம்பளம் 10 ஆயிரம் என்று வைத்தால் உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். மிச்சம் 16,665. ஹாஸ்டல், மெஸ் சேர்த்து 4 ஆயிரம் பிடித்தால் கையில் 12,665. இருபதாயிரம் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போன பிள்ளை, முதல் மாத ஸ்லிப்பைப் பார்த்து விக்கித்துப் போவது இதனால்தான். பி.எஃப். உங்கள் பணம்தான், போய்விடவில்லை. இ.எஸ்.ஐ. அட்டையால் வீட்டாருக்கும் சிகிச்சை கிடைக்கும், மாதம் 21 ஆயிரம் வரை வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். ஆனால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்ற கணக்கைப் போடும்போது கடைசி எண்ணை வைத்துப் போடுங்கள்.

மிஷன், டிரஸ்ட், போதனா மருத்துவமனை

இந்த வகையில் எல்லோரும் முதலில் சொல்வது வேலூர் சி.எம்.சி.யைத்தான். 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய இடம். 1909-இல் நர்சிங் பள்ளி, 1946-இல் பட்டப் படிப்பு என்று, இந்தியாவில் நர்சிங் கல்வியே நடை பழகிய இடங்களில் ஒன்று. அங்கே நர்சிங் கல்லூரி ஆசிரியர்களே வார்டு நிர்வாகத்திலும் பொறுப்பு வகிக்கிறார்கள். வகுப்பில் பாடம் எடுப்பவரும் வார்டில் கேள்வி கேட்பவரும் ஒருவரே என்றால், புத்தகத்தில் ஒன்று, வேலையில் ஒன்று என்ற இரட்டைக் கணக்கு குறையும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வகை ஆஸ்பத்திரிகளை எனக்குப் பிடிக்கும்.

வார்டில் எந்நேரமும் பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜனும், மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டரும் இருப்பார்கள். சந்தேகம் கேட்க ஆள் உண்டு. டாக்டரே புதுசாக இருக்கும்போது, பத்து வருடம் வேலை பார்த்த சிஸ்டர் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்ப்பீர்கள். காலை ரவுண்ட்ஸில் நின்று கவனித்தால், ஏன் இந்த ஆன்டிபயாட்டிக், ஆபரேஷன் புண்ணில் வைத்த டிரெயின் குழாயை ஏன் இன்றைக்கு எடுக்கவில்லை என்பதெல்லாம் காதில் விழும். பாம்புக் கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள், டெட்டனஸ், கடைசி நேரத்தில் வண்டியில் தூக்கிவரும் பிரசவ கேஸ் என்று கார்ப்பரேட்டில் அதிகம் காணாத நோயாளிகள் இங்கே வருவார்கள்.

சம்பளம் சுமார். ஹாஸ்டல் கட்டுப்பாடு சில இடங்களில் கல்லூரியை மிஞ்சும். சொந்தக் கல்லூரியில் படித்தவர்களுக்கு முதலிடம் கொடுப்பதும் உண்டு, வெளியிலிருந்து வந்தால் தேர்வும் நேர்காணலும் கடுமையாக இருக்கும்.

ஆனால் "மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி" என்று போர்டு போட்ட எல்லாவற்றையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில், நூற்றுக்கணக்கான கட்டிலோடு நிற்கும் சில தனியார் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கும். ஆய்வுக் குழு வருகிற வாரம் மட்டும் வார்டு நிறையும். வேலை லேசு, சம்பளமும் தேதிக்கு வரும். ஆனால் இரண்டு வருடம் கழித்து வேறு இடத்து நேர்காணலில் "வெண்டிலேட்டர் நோயாளிக்கு சக்‌ஷன் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்ல வராது. இது உடம்பு நோகாத வேலை, உண்மைதான். முதல் வேலைக்கு மட்டும் வேண்டாம்.

உள்ளூர் ஆஸ்பத்திரி

டாக்டர் தம்பதி நடத்தும் முப்பது, நாற்பது கட்டில் ஆஸ்பத்திரி. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய் வரலாம். அம்மா கையால் சாப்பாடு. தாலுகா ஊர்களில் பலருடைய முதல் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. அதை மட்டம் தட்டிப் பேச மாட்டேன். கை வேலை வேகமாகப் பழகும். குழந்தைக்குக் கானுலா போடுவது, லேபர் ரூமில் நிற்பது, சிசேரியனுக்குக் கருவிகளை எடுத்துவைத்து டேபிள் போடுவது, கேஷுவாலிட்டியில் தையல் போடும் டாக்டருக்குக் கை கொடுப்பது எல்லாம் ஒரே வாரத்தில் கிடைக்கும். பெரிய இடத்தில் இந்த நான்கையும் பார்க்க நாலு டிபார்ட்மென்ட் மாற வேண்டும்.

அதே இரவு இரண்டு மணி, அதே நோயாளி, ஆக்சிஜன் இறங்குகிறது. டியூட்டி டாக்டர் மாடியில் தூங்குகிறார். பெரிய டாக்டர் வீட்டிலிருந்து வர வேண்டும். மொத்த மாடிக்கும் நீங்களும், ஆறு மாத கோர்ஸ் படித்த ஒரு தங்கச்சியும், கீழே வாட்ச்மேனும். நீங்கள் ஆக்சிஜனைத் திறப்பீர்களா, போன் பண்ணுவீர்களா? ஐந்து வருட அனுபவம் இருப்பவர் இரண்டையும் செய்துவிட்டு ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரத்தில் இருக்கிறவளிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்னொரு விஷயம்: பல சிறிய இடங்களில் முறையாகப் பதிவு பெற்ற நர்ஸ் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம். அப்படியானால் மற்றவர்கள் போட்ட ஊசிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

சம்பளம் பத்து, பன்னிரண்டாயிரம் என்பார்கள். நர்ஸுகள் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு அமைத்த குழு, 200 கட்டிலுக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும், 100 முதல் 200 வரை என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே இருந்தாலும் மாதம் 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸுகள் போராடி 2018-இல் குறைந்தபட்சம் 20 ஆயிரம் என்று அரசாணையே வாங்கினார்கள். இங்கே பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. பேரம் பேசும்போது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆனாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சிறிய இடத்தின் பெரிய சிக்கல் சம்பளம்கூட இல்லை, சான்றிதழ்தான். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கான நார்செட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. முடித்தவர்கள் பதிவு எண் இருந்தால் நேரடியாக எழுதலாம். நர்சிங் டிப்ளமாவான ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும், அதுவும் குறைந்தது 50 கட்டில் உள்ள ஆஸ்பத்திரியில். முப்பது கட்டில் ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உழைத்த இரண்டு வருடம் அங்கே கணக்கில் வராது. ஜி.என்.எம். பிள்ளைகள் இதை வேலைக்குச் சேருமுன் பார்க்க வேண்டும், விண்ணப்பம் போடும் அன்றைக்கு அல்ல.

வளைகுடாவுக்கும் இதே பிரச்சினை. துபாய், சவுதி போன்ற இடங்களில் லைசென்ஸ் வாங்கும்போது டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் அனுபவச் சான்றிதழைக் கொடுத்த ஆஸ்பத்திரியையே தொடர்புகொண்டு, இவர் இங்கே இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை பார்த்தாரா என்று கேட்கும். எச்.ஆர். பிரிவு உள்ள இடம் என்றால் பதில் போகும். டாக்டர் மனைவியே கணக்கு வழக்குப் பார்க்கிற இடத்தில், அந்த மெயில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியிருந்தால் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு வேறு சாட்சியும் கிடையாது.

அரசு வேலை

இதை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது. அங்கே போய் "வேலை இருக்கா?" என்று கேட்க முடியாதே. மாநில அரசில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. அறிவிப்பு வர வேண்டும், தேர்வு எழுத வேண்டும், ரேங்க் வர வேண்டும். தேர்வானதும் நிரந்தர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு மூலம் எடுக்கப்பட்ட 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகள் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். ஆரம்பச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நீண்டுகொண்டே போய், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு சம்பளம் 14 ஆயிரம் ஆனது, அப்புறம் 18 ஆயிரம். கொரோனாவின்போது தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள் பலருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நிரந்தரமானால் அடிப்படைச் சம்பளமே 35,400. அந்த எண்ணுக்காகத்தான் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை.

மத்திய அரசு வேலை என்றால் எய்ம்ஸ், ஜிப்மர், இ.எஸ்.ஐ.சி., ரயில்வே. எய்ம்ஸ், ஜிப்மரில் நர்சிங் ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளம் 44,900. நார்செட் எழுத வயது வரம்பு பொதுப்பிரிவினருக்கு 30. எய்ம்ஸ் இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு. தம்பிகள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை அனுபவமாகப் பார்த்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு இணை கிடையாது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை இராசாசி என்று எந்த வார்டிலும் ஆள் குறைவு, நோயாளி அதிகம், எல்லா வகை நோயும் வரும். சின்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டால், சிக்கலில்லாத பிரசவத்தை நர்ஸே பார்க்கிறார். படித்த மிட்வைஃபரியை, அதாவது பிரசவம் பார்க்கும் பாடத்தை, முழுசாகப் பயன்படுத்துகிற இடம் இன்று அதுதான்.

"நார்செட்டுக்குப் படிக்கப் போறேன், வேலைக்குப் போகல" என்று வீட்டில் உட்காரலாமா? பி.எஸ்சி. முடித்த கையோடு ஆறேழு மாதம் கோச்சிங்கில் முழு மூச்சாகப் படிப்பது வீணில்லை, பாடம் மனதில் புதிதாக இருக்கும். அதற்கு மேல் நீட்டினால் ஆபத்து. ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் நேர்காணலுக்கு நேர்காணல் விளக்கம் சொல்ல வேண்டிவரும். வளைகுடா லைசென்ஸ்களும் சமீபத்திய அனுபவத்தைத்தான் கேட்கின்றன. அதைவிட முக்கியம், கை மறந்துவிடும். ஷிப்ட் சரியாக மாற்றித்தரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டே படிப்பதுதான் என் யோசனை. கேள்வித்தாளில் வரும் சூழ்நிலைக் கேள்விகளுக்கு வார்டில் நின்றவர்கள் சுலபமாகப் பதில் எழுதுகிறார்கள்.

வெளிநாடு போவதே குறி என்றால்

அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரி, அதிலும் ஐ.சி.யு., எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், லேபர் ரூம் இதில் ஒன்று. வளைகுடா வேலை அறிவிப்புகளில் குறைந்தது இரண்டு வருடம் என்று கேட்பது சகஜம், எந்தப் பிரிவில் என்பதையும் சேர்த்தே கேட்பார்கள். எனவே "எங்கே வேண்டுமானாலும் போடுங்க மேடம்" என்று நேர்காணலில் பணிவு காட்ட வேண்டாம். பிரிவைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு வார்டு என்று மாற்றிக்கொண்டே இருக்கும் இடம் கற்றுக்கொள்ள நல்லது, வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு அவ்வளவு உதவாது. பிரிட்டன் என்றால் ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழி. இதற்கெல்லாம் மாலை நேரம் மிஞ்ச வேண்டும், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போடுகிற இடத்தில் அது எப்படிக் கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள். சவுதி, குவைத் மாதிரி நாடுகளுக்கு நர்ஸுகள் 2015 முதல் அரசு அனுமதித்த அமைப்புகள் வழியாகப் போக வேண்டும் என்ற விதி வந்தது. நம் மாநிலத்தில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு கல்லூரி வாசலில் கார்டு கொடுக்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சேருமுன் பார்க்க வேண்டியவை

நேர்காணலுக்குப் போன அன்றே ஊர் திரும்ப அவசரப்படாதீர்கள். சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேண்டீனில் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள். டியூட்டி முடிந்து வருகிற பெண்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஊர் எது, எந்தக் காலேஜ் என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் சொந்தமாகிவிடுவார்கள். நேற்று நைட் உங்களுக்கு எத்தனை பேஷன்ட், மாதத்தில் எத்தனை நைட், நைட் முடிந்த மறுநாள் லீவு உண்டா, டியூட்டி முடிந்தும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, லீவு கேட்டால் என்ன சொல்வார்கள்? எச்.ஆர். மேடம் சொன்னதோடு இந்தப் பதில்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்திடம் நான் கேட்கச் சொல்வதில் முக்கியமானது ஊசி குத்தினால் என்ன செய்வார்கள் என்பது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் அவர்களே போடுவார்களா? நோயாளிக்குக் குத்திய ஊசி நம் கையில் குத்திவிட்டால் யாரிடம் சொல்வது? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே, ஆரம்பிக்க வேண்டும். அதை அங்கேயே, செலவில்லாமல் தருவார்களா? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிற ஆஸ்பத்திரி, நர்ஸை ஒரு ஆளாக மதிக்கிற ஆஸ்பத்திரி. விழிக்கிற இடத்தில் ஏசி லாபி இருந்து என்ன பிரயோஜனம்?

அடுத்து பாண்ட், அதாவது இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். ஒரு வருடம், இரண்டு வருடம், இடையில் போனால் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று எழுதி வாங்குவார்கள். "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று சீனியர்கள் தைரியம் சொல்வார்கள், அதை முழுசாக நம்பிவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலம் வேலை பார்க்காமல் போனால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. அது வங்கி அதிகாரி வழக்கு, நம் கதை அப்படியே அது இல்லை. ஆனாலும் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்று எண்ணியே போடுங்கள். தொகை என்ன, உங்களை வேலையிலிருந்து அவர்களே அனுப்பினால் யார் கட்டுவது, நோட்டீஸ் காலம் ஒரு மாதமா மூன்று மாதமா என்பதைப் படியுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். சான்றிதழைப் பிடித்து வைக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் போய் வாங்குகிற வசதியும் பொறுமையும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எங்கே இருக்கிறது? "எல்லாரும் குடுத்திருக்காங்க" என்பார்கள். கொடுத்துவிட்டு, அக்காவின் கல்யாணத்துக்கு லீவு கேட்கவே பயந்து நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும்.

யாருக்கு எது

பி.எஸ்சி. முடித்திருக்கிறீர்கள், வீட்டில் அவசரக் கடன் நெருக்கடி இல்லை என்றால், நோயாளிகள் நிறைந்த ஒரு மிஷன் அல்லது டிரஸ்ட் போதனா மருத்துவமனையைத் தேடுங்கள். சம்பளத்தில் இரண்டு மூன்று ஆயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. இதுதான் என் முதல் தேர்வு. அது அமையவில்லை, அல்லது வெளிநாடு உறுதி என்றால் கார்ப்பரேட், பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு. ஜி.என்.எம். என்றால் எங்கே சேர்ந்தாலும் 50 கட்டிலுக்குக் குறையாத இடம், அதை அனுபவச் சான்றிதழிலேயே எழுதித் தருவார்களா என்ற உறுதியோடு. கல்விக் கடன் தவணை கழுத்தைப் பிடிக்கிறது என்றால் ஹாஸ்டல் பிடித்தம் போகக் கையில் வருவதைப் பார்த்து முடிவெடுங்கள். அப்போது சில சமயம் வீட்டுப் பக்கத்துப் பன்னிரண்டாயிரமும் சென்னையின் இருபதாயிரமும் ஒன்றாகவே வந்து நிற்கும்.

வீட்டுச் சூழ்நிலையால் உள்ளூரை விட்டு நகர முடியாதவர்கள் உண்டு. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருக்கும், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கும். அவர்கள் முப்பது கட்டில் ஆஸ்பத்திரியில் தாராளமாகச் சேரலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: முதல் மூன்று மாதம் தனி நைட் கிடையாது. டாக்டரிடமே நேரில் கேளுங்கள். பதிவு பெற்ற நர்ஸ் அவர்களுக்கும் தேவை, கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தம்பிகளுக்கு எமர்ஜென்சி, டயாலிசிஸ், இதய ரத்தக்குழாய் சிகிச்சை செய்யும் கேத் லேப் பிரிவுகளில் வாய்ப்பு அதிகம், பொது வார்டுக்கு அலைவதைவிட அங்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

எங்கே சேர்ந்தாலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் வாங்காமல் முதல் டியூட்டி பார்க்காதீர்கள். சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்று சொல்லுங்கள். மாதா மாதம் ஸ்லிப்பை வாங்கிப் போனில் ஒரு படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். விலகும்போது ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் தனித்தனியாக, கட்டில் எண்ணிக்கை, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு, லெட்டர்ஹெட்டில் வாங்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம் வரும் வரை காத்திருந்து அப்புறம் கேட்கலாம் என்று விடாதீர்கள். நோட்டீஸ் கொடுக்கிற அன்றே இரண்டுக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒரு சீல் வாங்கிவிடுங்கள்.